பூசையில் வைத்த அன்னபேதி

என் அக்கா வெற்றிச்செல்வி யாரையும் மன்னித்தவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் போன பிறகு எல்லோரும் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். அவள் வேதியியல் நடத்திய பள்ளியின் வாசலில் கட்டிய கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் ‘பொறுமையின் சிகரம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். அக்கா அதைப் பார்த்திருந்தால், “யாருடி இது? நம்ம தெருவுல வேற யாராச்சும் செத்துட்டாங்களா?” என்று கேட்டிருப்பாள்.

பள்ளியில் அவளுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். தங்கை என்பதால் என்னிடமும் கட்டுரை கேட்டார்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் அது அவளைப் பற்றியதாக இருக்காது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தா.பழூருக்குப் பக்கம். வாய்க்கால் பாசனம், நெல். அப்பா வைரக்கண்ணு. ஒரு கோடையில் பங்காளி ஒருவர் எங்கள் வயலுக்கு வரும் மடையை அடைத்துத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பயிர் காயவில்லை, அடுத்த நாளே மழை பெய்துவிட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் அப்பா போகவில்லை. அந்த வீட்டுப் பெண் கல்யாணத்துக்கு ஊரே போனபோது அப்பா கொல்லையில் உட்கார்ந்து மாட்டுக்குத் தும்பு திரித்துக்கொண்டிருந்தார். “மழை பேஞ்சதுக்கு மழைக்குத்தான் கும்புடு போடணும். அவனுக்கு எதுக்கு?” என்றார். இந்தக் குணம் அப்படியே அக்காவுக்கு வந்தது. எனக்கு வரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்கா அரியலூரில் இளங்கலை, திருச்சியில் முதுகலை முடித்து, பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். கல்லூரியின் பெயர் வேண்டாம். நான் அதே ஊரில் வணிகவியல் படித்தேன். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடி அறையில் இருவரும் இருந்தோம். இங்கே நான் எழுதும் வேதியியல் எல்லாம் அவள் சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் எனக்குச் சொன்னது.

அவளுடைய வேலை இரும்பு உப்புகளிலிருந்து நானோ துகள் செய்வது. உப்பு இரண்டு. ஒன்று ஃபெரிக் குளோரைடு. மஞ்சளும் பழுப்புமான கட்டி. மூடியைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்துத் தானே கசிந்து ஓடும். மற்றது ஃபெரஸ் சல்பேட்டு, வெளிர்பச்சைப் படிகம். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் தருவார்கள். சோகைக்கு அதைச் செந்தூரமாக்கிக் கொடுப்பதுண்டு. எங்கள் அம்மாவே சாப்பிட்டிருக்கிறாள். முதல் உப்பு இரண்டு பங்கு, அன்னபேதி ஒரு பங்கு என்ற கணக்கில், கொதிக்க வைத்துக் காற்றைப் போக்கிய தண்ணீரில் கரைக்க வேண்டும். சூடாக வைத்துக் கலக்கியபடி அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பழுப்புத் தண்ணீர் கண்ணெதிரே கறுத்துப் போகும். அந்தக் கறுப்புதான் காந்தத் துகள். ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமனை ஆயிரக்கணக்கான கூறாக்கினால் வரும் ஒரு கூறு. குடுவைக்கு வெளியே காந்தத்தை வைத்தால் கறுப்பு முழுவதும் அந்தப் பக்கம் ஓடி ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தெளிந்து நிற்கும். சாயக்கழிவுத் தண்ணீரில் இந்தத் துகளைப் போட்டால் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு காந்தத்தைக் காட்டி மொத்தமாக வெளியே இழுத்துவிடலாம்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். அன்னபேதியைக் கரைத்தால் உடனே பயன்படுத்திவிட வேண்டும். வைத்திருந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை மற்ற உப்பின் இனத்துக்கு மாற்றிவிடும். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு கெட்டுவிடும். அதற்குப் பிறகு அம்மோனியா விட்டால் கறுப்பு வராது, துருதான் வரும். துரு காந்தத்துக்கு அசையாது.

அப்பா ஒருமுறை எங்களைப் பார்க்க வந்தவர், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று ஆய்வகத்துக்கும் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். அக்கா ஒரு கண்ணாடித் தட்டில் கறுப்பு நீரை ஊற்றி அடியில் காந்தத்தை நகர்த்திக் காட்டினாள். நீர் முள் முள்ளாகச் சிலிர்த்து எழுந்து காந்தத்தின் பின்னாலேயே ஓடியது.

“கம்பளிப்பூச்சியால்ல ஊருது!” என்று அப்பா சத்தமாகச் சிரித்தார். “உசுரு இருக்கா இதுக்கு?”

“இல்லப்பா. இரும்பு.”

“நீ போட்டதா?”

“நான் போட்டதுதான்.”

அவர் ஊருக்குப் போய் எல்லோரிடமும் கம்பளிப்பூச்சிக் கதையைச் சொல்லியிருக்கிறார். அந்த ஆடியில் வயலில் நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அக்காவின் நெறியாளர் முனைவர் அருள்முருகன். கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. பக்திமானும்கூட. நல்ல நேரம் பார்க்காமல் அடுப்பைக்கூட ஏற்ற மாட்டார். எந்த ஆய்வையும் ராகு காலம் கழித்துத்தான் தொடங்குவார். ஒருமுறை எமகண்டத்தில் மின்சாரம் போய், கரைசலைச் சுழற்றும் கலக்கி இயந்திரம் நின்றுவிட்டபோது, “பாத்தீங்களா, நான் சொன்னேன்ல” என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். இதையெல்லாம் மாணவர்கள் தங்களுக்குள் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் ஆய்வகத் தராசுக்கும் சந்தனப் பொட்டு வைப்பதும் கலக்கிக்கு மாலை போடுவதும் புதிதல்ல. அக்காவும் வைத்திருக்கிறாள்.

அப்பா இறந்த வருடத்து ஆயுத பூசை, எப்போதும்போல, ஒரு வார விடுமுறை தொடங்கும் முன்பே போடப்பட்டது. பூசை போட்டு அறையைப் பூட்டிவிட்டு, விஜயதசமியன்று திறந்து முதல் வேலையைத் தொடங்குவது அங்கே வழக்கம். அக்கா துக்கத்தில் இருந்ததால் பூசையில் கலந்துகொள்ளவில்லை. குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வராந்தாவில் நின்றாள். அந்த வருடம் அருள்முருகனுக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு உப்பையும் இப்போதே கரைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பது. விஜயதசமியன்று கல்லூரித் தாளாளர் வந்து தன் கையால் அம்மோனியா விடுவது.

அக்கா வாசற்படியில் நின்றபடியே சொன்னாள். “சார், அதை இப்பக் கரைக்க வேணாங்க சார். தெறக்கற அன்னிக்குக் காலைல யாராச்சும் கரைச்சுக்கலாம். லீவு முழுக்க இருந்தா மாறிடும்.”

“சாமி முன்னாடி இருக்கற பொருள் எப்படிம்மா கெட்டுப்போவும்?”

“ஆக்சிஜனுக்கு சாமியத் தெரியாதே சார்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கரைத்து, வாயகன்ற குடுவையில் ஊற்றி, கழுத்தில் சாமந்திச் சரத்தைச் சுற்றி, பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மூடி போடவில்லை. சாமிக்கு மூடி போட்டா படைப்பார்கள்?

விஜயதசமியன்று தாளாளர் வந்தார். புகைப்படக்காரர் வந்தார். அம்மோனியா விழுந்தது. குடுவையில் செங்கல் நிறத்தில் வண்டல் திரண்டது. காந்தத்தை ஒட்டி வைத்தபோது ஓரத்தில் ஏதோ கொஞ்சம் அசைந்தது. மற்றதெல்லாம் அடியில் கிடந்தது.

“என்ன சார், டீத்தூள் மாதிரில்ல இருக்கு?” என்றார் தாளாளர்.

அருள்முருகன் திரும்பிப் பார்த்தார். “இந்தக் குடுவையக் கழுவுனது யாரு?”

எல்லோரும் வராந்தாவைப் பார்த்தார்கள்.

“அதான பாத்தேன். அப்பன் செத்து வருஷம் திரும்பல. துக்க வூட்டுத் தீட்டோட தொட்ட குடுவை. வேற எப்படி வரும்?” பிறகு உதவியாளர் வெள்ளைச்சாமியைக் கூப்பிட்டு, “மஞ்சத்தண்ணி எடுத்துட்டு வாப்பா” என்றார்.

அக்கா நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அவள் நகரவில்லை. அவள் கால்மேலும் விழுந்தது.

அன்று அறைக்கு வந்தவள் குழாயடியில் நின்று காலைக் கழுவிக்கொண்டே இருந்தாள். மஞ்சள் எப்போதோ போய்விட்டது. “போதும்க்கா” என்று பக்கெட்டை எடுத்தேன்.

“எங்கப்பாவத் தீட்டுன்னுட்டான்டி” என்றாள்.

அடுத்த வாரம் அம்மா வந்தாள். அம்மா பெயர் கலியம்மாள். அவள் வழி வேறு. “விருத்தாசலம் போயி கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டிட்டு வந்துடுவோம்டி” என்றாள். அநியாயம் செய்தவன்மேல் சாமிக்கு மனு எழுதி அந்தக் கோயிலில் கட்டிவிட்டு வந்தால், சாமியே விசாரித்துத் தண்டிப்பார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஊரில் பாதிப் பேர் ஏதாவது ஒன்றுக்குக் கட்டியிருப்பார்கள்.

“வேணாம்மா.”

“ஏன், நீ படிச்சவன்னா?”

“அதுக்கில்லம்மா. சாமி தண்டிச்சா அவனுக்குக் காலு கையி விளங்காமப் போவும். அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அந்தத் தண்ணியக் கெடுத்தது நான்தான், அந்தப் பொண்ணு கையி இல்ல, அவங்கப்பன் சாவு இல்லன்னு அவன் வாயால சொல்லணும். நாலு பேரு நிக்கயில சொல்லணும். அது வரைக்கும் வுட மாட்டேன்.”

“சாமியால முடியாததா உன்னால முடியும்?”

“சாமிக்கு ஆயிரம் கேசு. எனக்கு ஒண்ணுதான்.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

நான் அக்காவிடம், “உண்மையிலேயே தண்ணி வெச்சிருந்ததாலதானா? உறுதியாத் தெரியுமா?” என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. கடைவீதிக்குப் போய் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கி வந்தாள். மற்ற உப்பும் அம்மோனியாவும் கல்லூரியிலிருந்து வந்தன. ஒரு கண்ணாடித் தம்ளரில் கரைத்துச் சன்னலோரம் திறந்து வைத்தாள். சில நாளில் அது மோர்க்குழம்பு போல மஞ்சளித்துக் கலங்கியது. அப்போது இன்னொரு தம்ளரில் புதிதாகக் கரைத்தாள். என் கையில் அம்மோனியாச் சொட்டியைக் கொடுத்து, “நீயும் அதே செத்தவரோட மவதானே? நீயே வுடு” என்றாள். மூக்கைச் சுளித்துக்கொண்டு விட்டேன். ஒன்று துருவாகக் கிடந்தது. மற்றது கண்மை போலக் கறுத்து, காந்தத்தைக் கண்டதும் ஓடியது. இரண்டும் ஒரே கை தொட்டது. ஒரே தீட்டு.

“இதைக் கொண்டுபோயி அவருகிட்ட காட்டேன்.”

“காட்டுனா, ‘அப்படியாம்மா, சரி’ன்னு ரூமுக்குள்ளயே முடிச்சிடுவான். அத்தனை பேரு முன்னாடி சொன்னதாச்சே.”

மறுநாளிலிருந்து வழக்கம்போல ஆய்வகத்துக்குப் போனாள். வணக்கம் சொன்னாள். அவர் கேட்டதைச் செய்தாள். எல்லோரும் ஆறிவிட்டது என்று நினைத்தார்கள். அடுத்த ஆயுத பூசைக்குள் அப்பாவின் தலைத்திவசம் முடிந்திருந்தது. இந்த முறை அக்காவே உள்ளே நின்று, உப்பைக் கரைத்து, சரம் சுற்றி, கற்பூரம் காட்டினாள். விஜயதசமியன்று யாரும் வருவதற்கு முன்னால் போனாள். வெள்ளைச்சாமி பூட்டைத் திறந்தார். அவள் சாமி முன்னால் இருந்த குடுவையை எடுத்துச் சாக்கடைத் தொட்டியில் கொட்டிக் கழுவினாள்; தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, புதிதாகக் கரைத்து ஊற்றி, அதே சாமந்திச் சரத்தை மறுபடி சுற்றி வைத்தாள்.

“என்னம்மா, சாமித் தண்ணியக் கொட்டுற?” என்று கேட்டிருக்கிறார் வெள்ளைச்சாமி.

“தூசி வுழுந்துருக்குண்ணே.”

அவர் குடுவையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முந்தின வருடம் மஞ்சள் தண்ணீர் தெளித்தது அவர் கைதான். “ஆமா, தூசிதான்” என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று கறுப்பாக வந்தது. அருள்முருகனுக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா வெற்றி! தீட்டு கழிஞ்சதும் மையி மாதிரி வந்துடுச்சு பாரு!”

“ஆமாங்க சார்” என்றாள் அக்கா.

இதை அவள் சொன்னபோது எனக்கு ஆத்திரம் வந்தது. “அவரு சொன்னதயே உண்மையாக்கிட்டு வந்துருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?”

“வளரட்டும்டி. இன்னும் கொஞ்சம் வளரட்டும். பிஞ்சுலயே பறிச்சா எப்படி?”

வளர்த்தாள். ஒவ்வொரு விஜயதசமிக்கும் அதையே செய்தாள். ஒவ்வொரு முறையும் அவர் நம்பிக்கை ஒரு சுற்றுப் பெருத்தது. பூசையில் வைத்த கரைசலில் துகள் இன்னும் சிறிதாக வருகிறது என்று சொல்லத் தொடங்கினார். கருத்தரங்குகளில், ஆய்வாளனின் அகத்தூய்மையும் ஆய்வின் வெற்றியும் என்று பேசினார். வாழையிலை, குத்துவிளக்கு, நடுவில் குடுவை என்று எடுத்த படத்தைத் தன் அறையில் மாட்டினார். புதிதாகச் சேர்பவர்களிடம் அக்காவைக் காட்டி, “இவ தீட்டோட தொட்டு ஒரு தடவ கெட்டுச்சு. அதுக்கப்பறம் ஒரு தடவகூடக் கெடல” என்பாராம். அக்கா தலையை ஆட்டுவாளாம்.

பிறகு அந்த நாள் வந்தது. கல்லூரியின் ஆய்வு மையத்துக்கு அங்கீகாரம் புதுப்பிக்கப் பல்கலைக்கழகக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. ஆயுத பூசை விடுமுறை முடிந்த கையோடு வருகிறார்கள். அருள்முருகன் மகிழ்ந்துபோனார். விஜயதசமிக் கலவையைக் குழுவின் முன்னாலேயே செய்து காட்டுவது என்று முடிவு செய்தார்.

அக்காவின் ஆய்வேடு அப்போது முடிந்துவிட்டிருந்தது, சமர்ப்பிப்பதுதான் பாக்கி. மையத்தின் அங்கீகாரம் போனால் அதுவும் அந்தரத்தில் நிற்கும். இதை அவளே எனக்கு விளக்கினாள், கீரை ஆய்ந்துகொண்டே.

“அப்ப உன் டாக்டர் பட்டமும் போவுமே!”

“போவட்டும்.”

“பைத்தியமா உனக்கு? பட்டத்த வாங்கிட்டு அப்பறமா பழி வாங்கேன்.”

“பட்டத்துல அவன் கையெழுத்துல்ல இருக்கும். அதை வாங்கிட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு பேசுறது? மழை பேஞ்சு பயிர் பொழச்சதுன்னு அப்பா போயி அந்தக் கல்யாணத்துல சோறு தின்னாரா?”

நான் ஆய்ந்த கீரையை அலசப் போனேன்.

அந்த வருடம் அவள் குடுவையை மாற்றவில்லை. அது மட்டும்தான் அவள் செய்தது. கரைசல் சாமிக்கு முன்னால் மஞ்சளித்து, கலங்கி, விடுமுறை முழுக்க இருந்தது. குழுவில் திருச்சியிலிருந்து பேராசிரியர் தேவயானி வந்திருந்தார். அருள்முருகன் பட்டு வேட்டியில் நின்று விளக்கினார். அம்மோனியாவை அவரே விட்டார். வண்டல் துருவாகத் திரண்டது.

அவர் மறுபடி விட்டார். சூட்டைக் கூட்டினார். கலக்கியை வேகமாக்கினார். காந்தத்தை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்தார். வேர்த்துவிட்டது. அக்காவிடம் குனிந்து, “வெற்றி, ஏதாச்சும் பண்ணும்மா” என்றார் மெதுவாக.

அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். “நான் தொடலாங்களா சார்?”

அவருக்குப் புரிந்துவிடும் என்றுதான் அக்கா நினைத்தாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அத்தனை வருடம் இருந்தாள். ஆனால் அவர் முகத்தில் புரிந்ததற்கான அடையாளமே இல்லை. யாரோ தொட்டிருக்கிறார்கள் என்ற எண்ணம்தான் ஓடியது. வரிசையாக நின்ற மாணவிகளைப் பார்த்தார். கடைசியில் இருந்தவள் அனிதா, அந்த வருடம் சேர்ந்தவள், வேப்பந்தட்டைப் பக்கத்துப் பெண்.

“ஏம்மா, நீ தலைக்கு ஊத்திருக்கியா? தூரமா இருக்கயில உள்ள வந்தியா? உண்மையச் சொல்லு.”

அனிதாவின் கண் நிறைந்துவிட்டது. இந்தக் கேள்வி அக்கா எதிர்பாராதது.

பேராசிரியர் தேவயானி பேனாவை மூடினார். “சார், அந்தப் பொண்ண வுடுங்க. இந்தக் கரைசலை எப்பப் போட்டீங்க?”

“பூசையன்னிக்குங்க மேடம்.”

“லீவுக்கு முன்னாடியா?”

“ஆமாங்க.”

“தெறந்தா வெச்சிருந்தீங்க?”

“சாமி முன்னாடிங்க மேடம்...”

“ஃபெரஸ் உப்பத் தெறந்து வெச்சா என்ன ஆவும்னு இளங்கலைப் பசங்ககிட்ட நான் கேக்கற கேள்வி சார் இது.”

குழு அப்போதே எழுந்துவிட்டது. அங்கீகாரம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் அந்தக் கல்லூரியை விட்டுப் போனார்.

அக்கா அன்று பிரியாணி வாங்கி வந்தாள். நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் வெகுநாளைக்குப் பிறகு நிறையச் சாப்பிட்டாள். பாதியில் அனிதா வந்து கதவருகே நின்றாள். வெள்ளைச்சாமி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

“வருஷா வருஷம் மாத்தி வெச்சீங்களாமே. இந்த வருஷம் மட்டும் ஏங்க்கா வெக்கல? உங்க சண்டைல என்னைய எதுக்கு நடுவுல நிக்க வெச்சீங்க? அத்தனை ஆம்பளைங்க முன்னாடி...”

“நீ கேக்கறது நாயந்தான்” என்றாள் அக்கா. மன்னிப்புக் கேட்கவில்லை. அவளுக்கு அது வராது. அடுத்த நாளே பஸ் ஏறித் திருச்சிக்குப் போய், பேராசிரியர் தேவயானியைப் பார்த்து, அனிதாவை அவரிடம் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். தனக்காக எதுவும் கேட்கவில்லை. அனிதா இப்போது முனைவர் பட்டம் வாங்கிவிட்டாள். அக்காவின் சாவுக்கு அவள் வரவில்லை. அதையும் தப்பென்று சொல்ல முடியாது.

அக்கா பட்டம் வாங்காமலே ஜெயங்கொண்டம் பக்கம் இந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கம்பளிப்பூச்சியைச் செய்து காட்டினாள். மலரில் மற்றவர்கள் அதையெல்லாம் எழுதுவார்கள்.

நான் எழுத வேண்டியது வேறு. கொஞ்ச காலம் கழித்து, அரியலூரில் ஒரு கல்யாண வீட்டில், அருள்முருகன் இன்னும் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று அக்காவின் காதுக்கு வந்தது. “அன்னிக்கு அந்த வெற்றிச்செல்வி, நான் தொடலாங்களான்னு அவளாவே கேட்டா. மனசுல இருந்தது வாய்ல வந்துடுச்சு. தீட்டோட திருட்டுத்தனமாத் தொட்டுருக்கா.” அக்கா வருடக்கணக்காகச் செதுக்கி வைத்திருந்த அந்தக் கேள்வியையே அவர் சாட்சியாக்கிவிட்டார்.

அவள் நேரே அவர் புதிதாகச் சேர்ந்திருந்த கல்லூரிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவர் எங்களை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார்.

“சார், ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன். ஒவ்வொரு விஜயதசமிக்கும் உங்க பூசைத் தண்ணியச் சாக்கடைல கொட்டிட்டு நான் புதுசா கரைச்சு வெச்சேன். அதனாலதான் கறுப்பா வந்துச்சு. கடைசி வருஷம் மாத்தல. அதான் கெட்டுச்சு. மொத வருஷமும் அதான். எங்கப்பா சாவு இல்ல.”

அவர் சிரித்தார், ஒரு குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

“சாமி முன்னாடி வெச்சதைச் சாக்கடைல கொட்ட உனக்கு மனசு வருமா? வராதும்மா. நீ நல்ல பொண்ணு. ஆத்திரத்துல பேசுற. நான் உன்னைய எப்பவோ மன்னிச்சுட்டேன்.”

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா சன்னல் கம்பியைப் பிடித்தபடி இருந்தாள். “என்னைய மன்னிச்சுட்டானாம்டி” என்றாள். செந்துறை தாண்டிய பிறகு மறுபடி சொன்னாள். “அவன், என்னைய.”

அந்த மன்னிப்பை அவளால் செரிக்க முடியவில்லை. மஞ்சள் தண்ணீரைவிட அது அவளை அதிகம் எரித்தது. வேறு வழி யோசித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். சென்ற ஐப்பசி மழையில் டெங்குக் காய்ச்சல் வந்து, யோசிக்க அவளுக்கு நேரம் இல்லாமல் போயிற்று.

அருள்முருகன் அக்காவின் சாவுக்கு வந்தார். பெரிய ரோஜா மாலை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரே நிற்கும் நடுவில், “நல்ல பொண்ணும்மா. ஒரு தீட்டால பட்டமும் போச்சு, வாழ்க்கையும் போச்சு. நான் மனசுல எதையும் வெச்சுக்கல” என்றார். அழுகையில் அம்மாவுக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சாவு வீட்டில் அக்கா கிடக்கும்போது வார்த்தை வரவில்லை. இப்போது சொல்கிறேன். இந்த மலரின் ஒரு படி வெளியீட்டுக்கு முன்பே அவருக்குப் போகும். விலாசத்தை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சார், மலர் வெளியீட்டு விழா பள்ளி ஆய்வகத்தில்தான் நடக்கிறது. அக்காவிடம் படித்த பிள்ளைகளும், எங்கள் ஊர்க்காரர்களும், முடிந்தால் அனிதாவும் இருப்பார்கள். நீங்கள் வாருங்கள். பூசையில் வைத்த ஒரு குடுவை கொண்டு வாருங்கள். எந்தச் சாமி முன்னால் வேண்டுமானாலும், எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்து எடுத்து வாருங்கள். இன்னொன்றை அங்கேயே, உங்கள் கண்ணெதிரே, நான் கரைக்கிறேன். அக்கா போய் வருடம் திரும்பவில்லை. முழுத் தீட்டில் இருக்கிறேன். குளிக்காமல்கூட வருகிறேன்.

அம்மோனியாவை நீங்களே விடுங்கள். என் குடுவை கறுத்தால், எங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்ன சொல்லை அத்தனை பேர் முன்னால் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் வராவிட்டால் உங்கள் நாற்காலியை முதல் வரிசையில் காலியாகப் போட்டு, ஏன் காலி என்று ஒலிபெருக்கியில் சொல்வோம். அடுத்த வருடமும் போடுவோம்.